சும்மா-2 யாருடையது?

அத்தியாயம் 9

வரைபடம் சார் தன் நாற்காலியில் பையை வைத்தார். உட்காரவில்லை. அதற்குள் பூட்டு வந்து நின்றுவிட்டார்.

அந்த ஆபீஸில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்ப மாட்டார்கள். பட்டப்பெயர்தான். பூட்டு, பாதுகாப்புப் பிரிவின் தலைவர். முதலில் பூட்டுவார், பிறகு யோசிப்பார். வரைபடம் சார், கிளவுட் ஆர்க்கிடெக்ட். கிளவுட் என்றதும் அண்ணாந்து பார்க்க வேண்டாம். எங்கோ ஒரு குளிர்ந்த கூடத்தில் வாடகைக்கு நிற்கிற கணினிகள், அவ்வளவுதான். பதினான்கு கண் மருத்துவமனைகளின் வேலை அவற்றில் ஓடுகிறது. எந்த மெஷின் எதோடு பேசலாம், எது விழுந்தால் எது தாங்க வேண்டும், யார் கையில் எந்தச் சாவி இருக்கலாம் என்று தீர்மானித்துப் படம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். பெட்டி, அம்பு, பெட்டி. டீக் கோப்பைக்கு அடியில் வைக்கிற காகிதத்தில்கூட அவர் கை இரண்டு பெட்டி வரைந்து நடுவில் அம்பு போட்டுவிடும். காணாமல் போனது எதுவானாலும் கடைசியில் அந்தப் படத்தில்தான் அகப்படும் என்பதால், ஆபீஸின் துப்பறியும் வேலையும் அவர் தலையில் விழுந்து பல வருஷமாகிறது.

"திருட்டு," என்றார் பூட்டு.

"என்ன போச்சு?"

"நோயாளிகளோட காத்திருப்புப் பட்டியல். பதினாலு ஆஸ்பத்திரியோடதும். நேத்து மதியம் புதுசா ஒரு கண்காணிப்பு மென்பொருள் போட்டேன். போட்ட அரை மணியில மணி அடிச்சுடுச்சு. தினமும் ஒரு மெஷின் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குது."

"எந்த மெஷின்?"

"அதான் விஷயம். உங்க படத்துல இல்லாத மெஷின்."

ஒருவன் இருபது வருஷம் குடியிருந்த சொந்த வீட்டில், சமையலறைக்குப் பின்னால் இன்னொரு அறை இருக்கிறது, அதில் விளக்கும் எரிகிறது என்று யாரோ சொன்னால் எப்படி நிற்பானோ அப்படி நின்றார் வரைபடம் சார். அவருடைய மௌனங்கள் பிரசித்தம். சில மௌனங்கள் ஒரு டீ ஆறும்வரை நீளும்.

"சார் யோசிக்க ஆரம்பிச்சுட்டாரு. பூட்டு சார், நீங்க உட்காருங்க, நேரமாகும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கொசு. அவருடைய உதவியாளர். முப்பது வயதுப் பெண். காதருகே ஓயாமல் ரீங்காரம் செய்வதால் அந்தப் பெயர்; வைத்தவர் வரைபடம் சார். அவள் அதை விருதுபோல ஏற்றுக்கொண்டு, தன் மேஜைமேல் ஒரு பெரிய கொசுவின் படத்தையே ஒட்டி வைத்திருந்தாள்.

"மெஷினுக்குப் பேர் இருக்கா?" என்றார் வரைபடம் சார்.

பூட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். மெஷினின் பெயர்: சும்மா-2. சோதனைக்கென்று ஒதுக்கிய மூலையில் இருக்கிறது. உருவாகி மூன்று வருஷம் இரண்டு மாதம். சொந்தக்காரர் என்ற கட்டம் காலி.

கொசு எட்டிப் பார்த்தாள். "சும்மா-2ன்னா, சும்மா-1 எங்க சார்?"

"நல்ல கேள்வி."

"நல்ல கேள்வின்னா உங்களுக்குப் பதில் தெரியலைன்னு அர்த்தம்."

சுவரில், அவர்கள் தலைக்கு மேலே, வரைபடம் சார் தன் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய விதி தொங்கிக்கொண்டிருந்தது: 'சொந்தக்காரர் இல்லாத மெஷின், திருட்டு மெஷின்.'

"உள்ளே போய்ப் பார்த்தீங்களா?"

"பாஸ்வேர்டு யாருக்கும் தெரியல. ஆனா பட்டியலை வாங்க அது காட்டுற சாவி யாரோடதுன்னு தெரியும்." பூட்டு குரலைத் தாழ்த்தினார். சாவி என்றால் நாற்பது எழுத்து நீளமுள்ள ஒரு ரகசியச் சொல். கேட்பது யார் என்று சர்வருக்கு அடையாளம் சொல்வது. "புது அம்மாவோட சாவி."

கொசுவின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

புது அம்மா அவர்கள் குழுவில் இருப்பவள். பிரசவ விடுப்பு முடிந்து இரண்டு மாதத்துக்கு முன்புதான் திரும்பியிருந்தாள். ஒன்பது மாதக் குழந்தை. பம்பரமாக வேலை செய்வாள். நாலு மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

"அவ லேப்டாப்ப வாங்கிட்டேன். சின்ன மீட்டிங் ரூம்ல உட்கார வெச்சிருக்கேன். நாலு மணிக்கு டைரக்டர் மேடம் முடிவு சொல்றாங்க. நோயாளி விவரம் திருடினான்னு எழுதி அனுப்பிட்டா, அப்புறம் எந்தக் கம்பெனியும் அவளை வாசல்ல நிக்க விடாது."

"நாலு மணி," என்றார் வரைபடம் சார். பையைத் திறக்கக்கூட இல்லை. "கொசு, உன் லேப்டாப்ப எடுத்துக்க. வா."

*

சின்ன மீட்டிங் ரூமில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி, ஊதாமல் இருமுகிற ஒரு ஏ.சி. புது அம்மா எழுந்து நின்றாள். கைபேசியைக் குப்புற வைத்திருந்தாள். அது மேஜைமேல் வண்டுபோல் சுழன்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"எடும்மா," என்றார் வரைபடம் சார்.

"அம்மாதான் சார். பாட்டில் மூடி எங்கன்னு கேப்பாங்க. காலையிலேர்ந்து மூணு தடவை. எடுத்தா குரலை வெச்சே ஏதோ சரியில்லைன்னு கண்டுபிடிச்சிடுவாங்க."

வாசலில் நின்ற பூட்டு தொண்டையைச் செருமினார். "மூணே கேள்வி. மெஷின் பேரைச் சொல்லக் கூடாது. சொன்னா அதுக்கேத்த மாதிரி கதை தைச்சுப்பாங்க. விதி."

"யார் போட்ட விதி?" என்றாள் கொசு.

"நான்."

"அதான் உங்க அளவுக்கே தைச்ச மாதிரி இருக்கு."

வரைபடம் சார் எதிரே உட்கார்ந்தார். ஏ.சி. இரண்டு தடவை இருமியது.

"உன் சாவியை யாருக்காவது கொடுத்தியா?"

"இல்லை சார்."

"எந்த மெஷின்லயாவது வெச்சியா?"

அவள் யோசித்தாள். "சேர்ந்த முதல் வருஷம் எம்பது, தொண்ணூறு மெஷின் போட்டிருப்பேன் சார். பாதிக்குமேல அழிச்சாச்சு. சோதனைக்குன்னு சொல்வாங்க, போடுவேன். அப்ப எனக்குத் தனிச் சாவி எதுவும் தரலை. அதுல ஒண்ணு ரெண்டுல என் சாவியை வெச்சிருக்கலாம். ஆனா சும்மா விடலை சார், மாத்திக் கொடுங்கன்னு படிவம் போட்டேன். நான் அதைத் தேடிப் பார்த்துக்கூடச் சொல்லிருவேன், லேப்டாப்ப வாங்கிட்டாங்களே."

"வேலைக்கு யார் சொன்னாங்க?"

"எல்லாரும்தான் சார். புதுசா வந்தவகிட்ட எல்லாரும் எல்லாத்தையும் சொல்வாங்க."

"மூணு முடிஞ்சது," என்றார் பூட்டு.

"சார், அந்தப் படிவம் இன்னும்..." என்று புது அம்மா ஆரம்பித்தாள்.

"மூணு முடிஞ்சது," என்றார் பூட்டு மறுபடி, கதவை இன்னும் அகலமாகத் திறந்துபிடித்து.

வரைபடம் சார் எழுந்தார். "படிவத்தை அப்புறம் பாக்கலாம்மா. முதல்ல ஆளைப் பிடிக்கிறேன்."

வெளியே வந்ததும் கொசு கேட்டாள்: "அவ திருடினான்னு நம்பறீங்களா சார்?"

"திருடறவ சொந்தச் சாவியோட போக மாட்டா."

"அதைப் பூட்டு சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவருக்கு ஆள் வேணும். நான் சொல்றது வெறும் வாக்கியம்."

*

பதினோரு மணிக்கு இருவரும் கொசுவின் மேஜையில் உட்கார்ந்தார்கள். யார் எப்போது எதைக் கேட்டார்கள் என்று குறித்துவைக்கிற முதன்மை சர்வரின் பதிவேடு திரையில் ஓடியது. தொண்ணூறு நாள் மட்டுமே இருந்தது.

"ஏன் சார் தொண்ணூறு நாள்தான் வெச்சிருக்கோம்? மூணு வருஷத்துக் கதை நமக்கு வேணுமே."

"இடம் அடைக்குதுன்னு யாரோ அப்படி முடிவு பண்ணினாங்க."

"யாரோ ஒருத்தர் கையெழுத்து கீழே இருக்கு சார். உங்களோடது."

வரைபடம் சார் கேட்காதவர்போல், சும்மா-2 பட்டியல் கேட்ட நேரங்களைக் குறித்தார். காலை ஒன்பது ஐம்பத்திரண்டு. மறுநாள் பத்து ஆறு. அடுத்த நாள் ஒன்பது நாற்பது. சில நாள் மதியமும் ஒன்று, இரண்டு மணியை ஒட்டி.

"இது தானா ஓடுற வேலை இல்லை," என்றார். "மெஷினுக்குச் சொல்லி வெச்சிருந்தா ஒரு நொடி பிசகாது. இது மனுஷன். காலையில வர்றான், கேக்கறான். சாப்பிட்டுட்டு வந்து மறுபடி கேக்கறான்."

"திருடன்னாலும் நேரத்துக்குச் சாப்பிடறான். உங்களை மாதிரியே ஒழுக்கமான ஆளு."

"சனி, ஞாயிறு இல்லை. வேலை நாள்ல பதினோரு நாள் இல்லை. அந்தப் பதினோரு நாளும் ஆபீசுக்கு வராதவன் யாரோ, அவன்தான்."

கொசு விசிலடிக்க வாயைக் குவித்து, பூட்டு பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். "இது எனக்குப் பிடிச்சிருக்கு சார். குழுவோட பேர்ப்பட்டியல் கொடுங்க, வருகைப் பதிவோட ஒத்துப் பாத்துடறேன்."

அவர் காகிதத்தில் மளமளவென்று எழுதிக் கொடுத்தார். பதினேழு பேர். கொசு ஒவ்வொருவராகத் தட்டிப் பார்த்தாள். சோதனைப் பிரிவு மாமா ஆறு நாள் விடுப்பு; அதில் இரண்டுதான் பொருந்தின. கொசுவே மூன்று நாள், ஒன்றும் பொருந்தவில்லை. "என்னையும் சேர்த்திருக்கீங்களே சார்."

"யாரையும் விடக் கூடாது."

புது அம்மாவுக்கோ முதல் முப்பது நாளும் விடுப்பு. அந்த நாட்களிலும் பட்டியல் போயிருந்தது.

"வீட்டிலேர்ந்தே எடுத்திருக்கலாமே," என்றார் வழியில் போன பூட்டு.

"கையில பச்சைக் குழந்தையோட தினமும் சாப்பிட்டு முடிச்சு ரெண்டு மணிக்கா?" என்றாள் கொசு. "சார், உங்களுக்குக் குழந்தை உண்டா?"

பூட்டு போய்விட்டார்.

பதினேழில் யாரும் பொருந்தவில்லை. வரைபடம் சார் ஜன்னலருகே போய் நின்றார். கீழே தெருவில் ஒருவர் வண்டியை நிறுத்தவும் எடுக்கவுமாகத் தடுமாறிக்கொண்டிருந்தார். இந்த ஆபீஸில் யாரை எதிரி என்று அவரால் நினைக்க முடியும்? ஒவ்வொருவரையும் அவர் தன் படத்தில் ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தார். பெட்டிக்குள் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்று படத்தில் வராது. அதைப் பற்றி அவர் இதுவரை கவலைப்பட்டதும் இல்லை.

"இன்னொண்ணு சார்," என்றாள் கொசு. "இன்னிக்கு இன்னும் கேக்கலை. மணி பன்னண்டாகப் போகுது, பதிவேட்டுல ஒண்ணுமே இல்லை."

அவர் திரும்பினார். கண்ணில் ஒரு வெளிச்சம். "பயந்துட்டான். நாம தேடறது அவனுக்குத் தெரியும். இந்த மாடியிலதான் இருக்கான், கொசு. நம்மளையே பாத்துட்டிருக்கான்."

கொசு மெல்லத் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

அவர் கைபேசி அடித்தது. மனைவி. பள்ளி ஆசிரியை, மதிய இடைவேளையில் மட்டும் பேசுவாள், வகுப்பெடுக்கிற குரலிலேயே.

"பாத்ரூம் கதவுக்கு முட்டுக் கொடுத்து ஒரு செங்கல் வெச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"ரெண்டு நாளைக்குன்னு வெச்சது."

"ரெண்டு வருஷமாச்சு. உங்க பொண்ணு அதுக்குக் கண்ணு மூக்கு வரைஞ்சு, பேர் வெச்சு, பொறந்த நாள் கொண்டாடியாச்சு. நேத்து அதை நகர்த்தினேன். கதவு என் விரல்ல அடிச்சுடுச்சு. கதவைச் சரி பண்ண ஆளைக் கூப்பிடறீங்களா, இல்ல செங்கலை ரேஷன் கார்டுல சேர்க்கட்டுமா?"

"அப்புறம் பண்றேன். இங்க ஒரு ஆளோட வேலை போகப் போகுது."

"சரி, அதைப் பாருங்க," என்றாள் உடனே. பிறகு, "விரல் பரவாயில்லை. நீங்க கேக்கலை, நானா சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.

*

ஒரு மணிக்கு வரைபடம் சார் முடிவுக்கு வந்தார்.

"கத்தல் சோதனை."

பூட்டின் புருவம் உயர்ந்தது. கிளவுட் வேலையில் இருப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதை எந்தப் புத்தகத்திலும் பெருமையாக எழுத மாட்டார்கள். ஒரு மெஷின் யாருடையது என்று எவ்வளவு கேட்டும் தெரியாவிட்டால், அதை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். யார் கத்துகிறாரோ அவருடையது.

"உள்ள போகத்தான் முடியாது. மெயின் சுவிட்ச் நம்ம கையில இருக்கு," என்றார் வரைபடம் சார். "அழிக்கப் போறதில்லை, அணைக்கப் போறேன். ஏதாவது ஆஸ்பத்திரி கத்தினா அரை நிமிஷத்துல திரும்ப உயிர் கொடுத்துடலாம்."

"திருடன் எதுக்குக் கத்துவான்?"

"பழக்கம் பூட்டு சார். தினமும் கைக்கு வர்றது ஒருநாள் வரலைன்னா, மூளை தடுக்கறதுக்குள்ள வாய் கத்திடும்."

ஒன்று பத்துக்கு அணைத்தார். சும்மா-2, மூன்று வருஷத்தில் முதல்முறையாகத் தூங்கியது. பதினான்கு மருத்துவமனைகளுக்கும் கொசு தொலைபேசியில் கேட்டாள். எல்லாம் சுகம். யாருக்கும் எதுவும் குறையவில்லை.

இருவரும் மாடி முழுக்க மெதுவாக நடந்தார்கள், காதைத் தீட்டிக்கொண்டு.

ஒன்று இருபதுக்கு, "ஐயோ!" என்று ஒரு அலறல். கொசு நாற்காலியைத் தாண்டிக் குதித்து ஓடினாள். சோதனைப் பிரிவு மாமா, கால்சட்டையில் சுடச்சுட டீ.

"மாமா, பட்டியல் ஏதாவது காணோமா?"

"தோல் காணோம்மா!"

ஒன்று ஐம்பதுக்குக் கோடியில் யாரோ கதவைத் தட்டித் தட்டிக் கத்தினார்கள். ஓடிப் போனால் பூட்டு, தன் அறைக்கு வெளியே. உள்ளே மேஜைமேல் அவருடைய அடையாள அட்டை தெரிந்தது. அவர் போட்ட பூட்டு, அட்டை இல்லாமல் திறக்காது.

"யார் போட்ட விதி சார்?" என்றாள் கொசு மெல்லிய குரலில். வரைபடம் சார் அவள் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

இரண்டு மணி. இரண்டரை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் புது அம்மா உட்கார்ந்திருந்தாள். கைபேசியை இப்போது நிமிர்த்தி வைத்திருந்தாள். திரையில் அவள் குழந்தை இரண்டு பல்லைக் காட்டிச் சிரித்தது. அது நடுங்க ஆரம்பித்தால் விரலால் மூடிக்கொண்டாள்.

மூன்றாயிற்று. மாடி அமைதியாக இருந்தது. இவ்வளவு அமைதியை வரைபடம் சாரே விரும்பவில்லை.

"தோத்துட்டோமா சார்?" கொசுவின் குரலில் கேலி இல்லை.

அவர் தன் மேஜைக்குப் போனார். மேடத்திடம் வெறுங்கையோடு போக முடியாது. கண்டுபிடித்தவரையிலாவது ஒரு படம் போட்டுக் கொடுக்க வேண்டும். திருடறவ சொந்தச் சாவியோட போக மாட்டா என்கிற அந்த ஒற்றை வாக்கியத்தையாவது பெட்டியும் அம்புமாக்கிக் காட்ட வேண்டும். காலையிலிருந்து நாற்காலியில் கிடந்த பையைத் திறந்தார். லேப்டாப்பை எடுத்து விரித்தார். மேலே வரிசையாக நூற்று நாற்பத்தொரு பக்கங்கள் திறந்து கிடந்தன. ஒவ்வொன்றும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டது. இடது கோடியில் முதல் பக்கம் கண் விழித்தது, சுழன்றது, வெள்ளையாக நின்றது.

வரைபடம் சார் எழுந்தேவிட்டார்.

"யாருப்பா அது, என் மூச்சுப் பக்கத்தை அணைச்சது? காலையிலயும் பாக்கல, இப்பவும் வரலை! யார் கை வெச்சது?"

அந்த மாடியில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மாடியில் இருந்த தலைகளெல்லாம் திரும்பின. சோதனைப் பிரிவு மாமா கையிலிருந்த கோப்பையை ஜாக்கிரதையாக மேஜைமேல் வைத்தார்.

கொசு பேனாவைக் கீழே வைத்தாள். அவருடைய மௌனங்களைவிட நீளமாக ஒரு மௌனம் காத்தாள்.

"சார்," என்றாள். "ரெண்டு மணி நேரமா காதைத் தீட்டிட்டு நடந்தோம். கடைசியில ஒருத்தர் கத்திட்டாரு."

அவர் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

மூச்சுப் பக்கம் என்று அவர்தான் பெயர் வைத்திருந்தார். பதினான்கு நீலக் கோடுகள். ஒவ்வொரு மருத்துவமனையிலும் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று கோடு ஏறி இறங்கும். காலையில் வந்து லேப்டாப்பை விரித்ததும் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். பதினான்கும் மூச்சு விடுகின்றன என்று பார்த்த பிறகுதான் அவர் டீக்கே போவார். சாப்பிட்டு வந்து விரித்தால் மறுபடி ஒருமுறை. அந்தக் கோடுகளை எந்த மெஷின் வரைகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஊரில் இருக்கிற மெஷினைப் பற்றியெல்லாம் கேட்டவர்.

"குழுவுல எத்தனை பேர் சார்?" என்றாள் கொசு.

"பதினேழு."

"பட்டியல் போட்டவரைச் சேர்த்தா பதினெட்டு." அவள் அவருடைய நாள்காட்டியைத் தன் திரையில் திறந்தாள். "மச்சினர் வீடு மாத்தினப்போ உதவிக்குப் போனது நாலு நாள். கடவாய்ப் பல் பிடுங்கினது ரெண்டு. உங்க பொண்ணுக்கு அம்மை போட்டப்போ அஞ்சு. மொத்தம் பதினொண்ணு. இன்னிக்குக் காலையில திருடன் பயந்துட்டான்னு சொன்னீங்க. அவன் பயப்படலை சார். பையைத் திறக்க நேரமில்லாம அவனையே தேடிட்டிருந்தான்."

வரைபடம் சார் உட்கார்ந்தார். அந்தச் செங்கல் ஞாபகம் வந்தது. கண்ணும் மூக்கும் வரைந்த செங்கல். அதை நகர்த்தி அடிபட்ட விரல் யாருடையதோ, அவளைத் தவிர எல்லாரையும் பற்றி இன்று பேசியாயிற்று.

"படிவம்," என்றார். "அவ ஏதோ படிவம்னு சொன்னா."

ஒப்புதலுக்குக் காத்திருக்கும் படிவங்களின் பெட்டியைத் திறந்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு. அடியாழத்துக்குப் போனார். மூன்று வருஷம் இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி. புது அம்மாவுக்கு அப்போது பட்டப்பெயரே கிடையாது. 'ஆர்க்கிடெக்ட் கேட்டபடி காத்திருப்புக் கோடுகள் காட்டும் பக்கம் தயார். அவர் சொன்னபடி, தற்காலிகமாக என் சொந்தச் சாவியை வைத்திருக்கிறேன். தனிச் சாவி கொடுத்து, சொந்தக்காரர் கட்டத்தில் யார் பெயர் போட வேண்டும் என்று தெரிவிக்கவும். மெஷின்: சும்மா-2.'

சாவியை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்று ஒரு விதி உண்டு. மாற்றக் கேட்ட படிவம் நிலுவையில் இருந்தால், பதில் வரும்வரை பழைய சாவி உயிரோடு இருக்கும் என்று அதற்கு ஒரு விலக்கும் உண்டு. இரண்டையும் எழுதியது ஒரே கை.

*

நான்கு மணிக்கு டைரக்டர் மேடத்தின் அறையில் ஐந்து பேர். வரைபடம் சார் வெள்ளைப் பலகையில் படம் போட்டார். பதினான்கு சிறு பெட்டிகள். ஒரு சாவி. தள்ளி ஒரு பெட்டி, அதில் சும்மா-2. அதிலிருந்து ஒரு அம்பு. அம்பின் முனையில் ஒரு குச்சி மனிதன். கண்ணாடி போட்டிருந்தான், முன்வழுக்கை.

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "இது யாரு?"

கொசு வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். இது அவள் சொல்ல வேண்டியது இல்லை.

"நான்," என்றார் வரைபடம் சார்.

சொல்ல அதிகம் இருக்கவில்லை. சொன்னார். படிவத்தைக் காட்டினார். பட்டியல் யார் கைக்கும் போகவில்லை, அவர் கண்ணுக்கு மட்டும்தான் கோடாகப் போயிற்று என்றார். சாவிக்காரி கேட்ட கேள்விக்கு மூன்று வருஷமாகப் பதில் சொல்லவில்லை என்பதையும் சொன்னார்.

புது அம்மா அதுவரை பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சும்மா-2வா சார்? காலையிலயே பேரைச் சொல்லியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே. நீங்கதான் என் மேஜைக்கு வந்து, 'சும்மா ஒரு பக்கம் போட்டு வை, காலையில ஒரு பார்வை பாத்துக்கறேன்'னு சொன்னீங்க. அதையே பேரா வெச்சேன்."

"அப்ப சும்மா-1?" என்றாள் கொசு. காலையிலிருந்து அது அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"கோடு பச்சையா இருந்துது. சாருக்குப் பிடிக்கலை. அழிச்சுட்டேன்."

மேடம் சிரித்துவிடாமலிருக்க ஜன்னலைப் பார்த்தார். பிறகு பூட்டைப் பார்த்தார். பூட்டு எழுந்து, தன் கையாலேயே புது அம்மாவின் லேப்டாப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "மன்னிச்சுக்கம்மா," என்றார். பிறகு வரைபடம் சார் பக்கம் திரும்பி, சற்றுச் சங்கடத்தோடு கையை நீட்டினார். "விசாரணை முடியறவரைக்கும் உங்க லேப்டாப் என்கிட்ட, சார். விதி."

"தரேன். ஒண்ணே ஒண்ணு முடிச்சுட்டு."

வரைபடம் சாரின் மேஜைக்கு வந்து, மேடத்தைத் தவிர மற்ற மூன்று பேரும் அவரைச் சுற்றி நின்றார்கள். அந்தப் படிவத்தைத் திறந்து, சொந்தக்காரர் கட்டத்தில் தன் பெயரை இட்டார். ஒப்புதல் பொத்தானை அழுத்தினார். ஒரு கட்டம் குதித்து வந்தது: தாமதத்துக்குக் காரணம்?

'நான்' என்று தட்டினார்.

'காரணம் போதாது. குறைந்தது இருபத்தைந்து எழுத்துகள் தேவை.'

"இந்தப் படிவத்தை யார் சார் வடிவமைச்சாங்க?" என்றாள் கொசு, மிகுந்த மரியாதையோடு.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெகுநேரம் விரல்கள் விசைகளின்மேல் சும்மா இருந்தன. பிறகு எழுதினார்: 'வேண்டும் என்று கேட்டது நான். மறந்ததும் நான். இவர் முறைப்படி கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.'

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து புது அம்மா படித்தாள். "மூணு வருஷம் ரெண்டு மாசம்னு சேர்த்துடுங்க சார்."

சேர்த்தார். அழுத்தினார். படிவம் மறைந்தது. அறுநூற்றுப் பதினொன்று.

அவள் கைபேசி நடுங்கியது. இந்தத் தடவை எடுத்தாள். "ஒண்ணுமில்லம்மா. குரல் நல்லாத்தான் இருக்கு. மூடி வாஷிங் மெஷின் மேல பாருங்க. கிளம்பிட்டேன்." பையைத் தோளில் மாட்டி, வாசலுக்குப் போய், எதையோ மறந்தவள்போல் திரும்பி நின்றாள்.

பூட்டு லேப்டாப்புக்குக் கையை நீட்டினார். திரையின் மேலே திறந்து கிடந்த பக்கங்களின் வரிசையைக் கண்டு தயங்கினார். "சார், மூடறதுக்கு முன்னாடி கேக்கறேன். மிச்சம் நூத்தி நாப்பது பக்கம் இருக்கே. இதுல இன்னும் எத்தனை பேரோட சாவி இருக்கு?"

"அதெல்லாம் அப்புறம்..." என்று ஆரம்பித்தார் வரைபடம் சார்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.